முப்பத்து மூன்றாம் எண்

செந்தூல் ரயில் பணிமனை மதிலுக்கு எதிரே
மாமாக் கடையின் வெளிமேசைகள் மூன்றை இழுத்து ஒட்டினோம்.
ஆகஸ்ட் இரண்டாம் வெள்ளி, இரவு ஒன்பதரை.
எட்டுப் பேர், எட்டுக் கைப்பேசி,
மைலோ டின்னுக்குள் எட்டுத் துண்டுச் சீட்டு.
இங்கிலாந்தில் பந்து உருள இன்னும் ஏழு நாள்.
இன்றைக்கு ஆளெடுப்பு.
ஒருவர் எடுத்த ஆட்டக்காரர் இன்னொருவருக்கு இல்லை.
எழுதிவைத்த சட்டம் அது ஒன்றுதான்.

மற்றது எதுவும் எழுதியதில்லை.
உன் முறை வந்தால்
தே தாரிக்கின் நுரை அடங்குவதற்குள் சொல்லிவிடு.
பக்கத்துப் பட்டியலில் கண் போகக் கூடாது;
போய்விட்டால், பார்த்த பெயரை எடுக்கக் கூடாது.
முழங்கால் உடைந்து கிடப்பவனை ஒருவன் தெரியாமல் எடுத்தால்
சிரிக்கலாம், அடுத்த ஆள் எடுத்த பிறகு.
மிச்சமிருக்கும் நல்ல பெயரை வாய்விட்டு உளறுகிறவன்
எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்க வேண்டும்.
(ஃபைருஸ் மூன்று முறை வாங்கியிருக்கிறான்.
மூன்றாவது வேண்டுமென்றே. அன்று அவனுக்குப் போனஸ்.)
அம்மா கூப்பிட்டால் காத்திருப்போம்,
மேனேஜர் கூப்பிட்டால் மாட்டோம்.

அப்புறம், இடதுகோடித் தற்காப்பு, எண் முப்பத்து மூன்று:
அவன் நவரத்தினத்துக்கு.

முதல் வருடம் யாரோ என்று நினைத்து
யாரையோ எடுத்தான் நவா.
பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
மேசை குலுங்கச் சிரித்ததில்
வெய் லியாங்கின் தே ஓ ஐஸ் கவிழ்ந்தது.
மறு வருடம் தெரிந்தே எடுத்தான்.
அதற்கு மறு வருடமும்.
தப்பை விடாமல் செய்தால்
கொள்கை ஆகிவிடும் என்று நம்புகிறவன்.
ஆறு வருடம், பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்த அந்த ஆளை
நாங்கள் ஒருவரும் தொடவில்லை.
மரியாதை என்று சொல்லிக்கொண்டோம்.
யாருக்கும் வேண்டாததைத் திருடாமல் இருப்பது
அவ்வளவு சுலபமான மரியாதை.

இந்த வருடம் அவனுக்குப் புதுப் பயிற்றுநர்.
ஒத்திகை ஆட்டம் ஐந்தில் நான்கு கோல்.
என் பட்டியலில் அவன் பெயரைச் சுற்றி இரண்டு வட்டம்.

மூன்றாம் சுற்று. என் முறை.
நுரை அடங்கிக்கொண்டிருந்தது.
நவா கைப்பேசியைப் பார்க்கவேயில்லை,
ரொட்டியைப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்,
தன் செருப்பு வாசலில்தான் இருக்கும் என்று
தெரிந்தவனைப் போல.
வேறு யாரையோ சொன்னேன்.
லோகேந்திரனும் வேறு யாரையோ சொன்னான்.
அவன் தாளிலும் வட்டம் இருந்தது. பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான்.

அடுத்து ஷர்மினி.
கிள்ளானில் கணக்காய்வு வேலை, எங்களோடு முதல் வருடம்;
கேசவன் சிங்கப்பூர் போனதில் காலியான நாற்காலி.
"முப்பத்து மூணு," என்றாள்.

ரொட்டி வீசுகிறவர் வீசிக்கொண்டேயிருந்தார்.
அவர் ஒருவருக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை.

"ஏன், ஏதாவது ரூல்ஸ் இருக்கா?"
"இல்லையே," என்றோம்
ஏழு பேர், ஒரே மூச்சில், நவாவும் சேர்த்து.
சொன்னால் அது சட்டம்.
சட்டமானால் விளக்கம் வரும், விதிவிலக்கு வரும்,
அடுத்த ஆகஸ்டில் யாராவது அச்சடித்துக்கொண்டு வருவான்.

நவா விரல்களைத் துடைத்தான், கொஞ்சம் அதிக நேரம்.
"நல்ல பிக்," என்றான்.
அதுவும் எழுதாததில் ஒன்று.
பிறகு அவன் முறை.
நுரை அடங்கி, தேநீரில் ஆடை படிந்து,
அதில் ஒரு கொசுவும் இறங்கிவிட்டது.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

பதினோராம் சுற்றில் ஷர்மினிக்குத் தெரிந்துவிட்டது.
ஒருவரும் சொல்லவில்லை.
பழைய வருடப் பட்டியல்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளி
ஒரே பெயருக்கு நேரே ஒரே பெயர்
ஆறு முறை நிற்பதைப் பார்த்திருக்கிறாள்.
கணக்குப் பார்க்கிறவளுக்கு அது போதாதா.

பில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
அவள் நவா பக்கம் குனிந்தாள்:
"மாத்திக்கலாமா? உங்க ரெண்டாவது கோல்கீப்பரைக் கொடுங்க, போதும்."

"ஆளெடுக்கிற ராத்திரி மாத்தக் கூடாது," என்றான் நவா,
மேசை முழுக்கக் கேட்கும்படி.
அப்படி ஒன்று இருப்பது எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.
ஆமாம், ஆமாம், எப்பவும் அப்படித்தான் என்று
ஆறு பேரும் தலையாட்டினோம்.

"ராத்திரி எப்ப முடியும்?" என்று கேட்டாள்.
நவா கடிகாரத்தைப் பார்த்தான்.
பன்னிரண்டுக்கு நாலு நிமிடம்.

யாரும் எழுந்திருக்கவில்லை.